பதில்: பல் பிடுங்கியும் தீராத அம்மாவின் கன்ன வலி

அன்புள்ள சகோதரிக்கு,

பல் துலக்கும்போதும் முகம் கழுவும்போதும் தங்கள் தாயாரின் வலக் கன்னத்தில் சில விநாடிகள் மின்சாரம் பாய்வதுபோன்ற வலி வருகிறது, இரண்டு பற்களைப் பிடுங்கியும் அது தீரவில்லை, இவ்வகை நரம்பு வலிக்குத் தரப்படும் கார்பமஸெபைன் மருந்துக்கு முன் ஏன் இரத்தப் பரிசோதனை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் விவரிப்பது முக்கிளை நரம்பு (முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு) வலியை ஒத்திருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து அந்நரம்பு புறப்படும் இடத்தில் ஓர் இரத்தக் குழாய் அதை அழுத்தி, மேலுறையைத் தேய்த்துவிடுவதே பெரும்பாலும் காரணம். பல்லின்மேல் பழி விழுவது, வருத்தத்துக்குரியதாயினும், மிகச் சாதாரணம். சிலருக்குக் கட்டி காரணமாக இருக்கலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். அதைக் கேட்டு அஞ்ச வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இம்மருந்து, தோலும் வாய்ச்சவ்வும் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்குமுன் இப்பரிசோதனையைச் செய்வதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013 முதல் வலியுறுத்துகின்றன. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அந்த மரபணு வகை அதிகம். நம் இந்தியரிடம் குறைவே, ஆனால் இல்லாமலில்லை. முடிவு பாதகமாக வந்தால் வேறு மருந்துகள் உள்ளன.

முடிவு சாதகமாக இருந்தாலும், முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால் மருத்துவரிடம் தாமதமின்றிச் சொல்லுங்கள். மூன்றாவது பல்லை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.