டென்வரின் எட்டுப் பேர்: ஃபைவ் அயர்ன் ஃபிரென்ஸி பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரில் 1995-ல் தொடங்கிய கிறிஸ்தவ ஸ்கா குழு ஃபைவ் அயர்ன் ஃபிரென்ஸி. பெயரில் இருப்பது கோல்ஃப் மட்டை. ஐந்தாம் எண் இரும்பு மட்டை. ரசிகர்கள் ‘ஃபைவ் அயர்ன்’ என்று சுருக்குவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, முதல்ல ஸ்கான்னா என்ன? ரெகே மாதிரியும் இருக்கு, பங்க் மாதிரியும் இருக்கு.

இரண்டும் சரிதான். ஸ்கா 1950-களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்தது, ரெகேவுக்கு மூத்தது. கையால் பிடித்துப் பார்த்தால் சீக்கிரம் புரியும். காலைத் தரையில் தட்டி ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ எண்ணுங்கள். இரண்டு தட்டுக்கு நட்டநடுவே கையைத் தட்டுங்கள். அந்தக் கைத்தட்டு விழும் இடத்தில்தான் கிட்டார் ‘ச்சிக்’ என்று வெட்டும். கர்நாடக சங்கீதம் படித்தவர்களிடம் ‘எல்லாமே அரை இடத்தில்’ என்று சொன்னால் போதும்.

1964-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவான ஸ்கடலைட்ஸ் குழு முதல் அலை. 1979-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து ஸ்பெஷல்ஸ் குழு கொண்டுவந்த டூ டோன் என்ற பாணி இரண்டாவது. 1990-களில் அமெரிக்கர்கள் வேகத்தைக் கூட்டி, கோரஸில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிட்டாரை அவிழ்த்துவிட்டது மூன்றாவது. ஃபைவ் அயர்ன் இந்த மூன்றாவது அலை. சரணத்தில் சுத்தமான கிட்டாரும் அரை இடமும், பல்லவி வந்ததும் நேர் பங்க்: அவர்களுடைய ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான்.

கேள்வி: குழுவில் யார் யார்? ஆட்கள் மாறியிருக்கிறார்களா?

பாட்டு ரீஸ் ரோப்பர். கிட்டார் மைக்கா ஒர்டேகா, ஸ்காட் கெர். பாஸ் கீத் ஹோரிக். டிரம்ஸ் ஆண்ட்ரூ வெர்டெக்கியோ. டிரம்பெட் நத்தானியேல் டன்ஹம், டிராம்போன் டென்னிஸ் கல்ப், சாக்சபோன் லியனோர் ஒர்டேகா. மைக்காவும் லியனோரும் ஒன்றுவிட்ட உறவு. ரோப்பர், மைக்கா, கெர், ஹோரிக் நால்வரும் இதற்கு முன் எக்ஸ்யூமேட்டர் என்ற த்ராஷ் மெட்டல் (வேகமும் கனமுமான ராக்) குழுவில் இருந்தவர்கள். பல்லவிகளில் திடீரென்று எடை கூடுவது எங்கிருந்து வருகிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெரிய மாற்றம் இரண்டுதான். 1998-ல் கெர் விலகினார், அவர் இடத்துக்கு சன்னி ஜான்ஸ்டன் வந்தார். 2003-ல் நின்ற குழு 2011-ல் மீண்டும் கூடியபோது ஹோரிக் வரவில்லை. கெர் திரும்பி வந்து பாஸை எடுத்துக்கொண்டார். இத்தனை வருடத்துக்கு எட்டுப் பேர் குழுவில் இது மிகக் குறைவான மாற்றம்.

கேள்வி: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம் பிரதர்? வரிசையாகக் கேட்கணுமா?

வரிசையாக வேண்டாம். 1997-ல் வந்த ‘அவர் நியூயெஸ்ட் ஆல்பம் எவர்’ முதலில். கடைசிப் பாட்டு ‘எவ்ரி நியூ டே’ வரும்வரை நிறுத்தாதீர்கள். அவர்கள் மேடையில் கச்சேரியை முடிக்கும் பாட்டு அது. அதற்கு முன்னால் வரும் கேலியும் கோபமும் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பாட்டுக்குக் கனம் கொடுக்கின்றன. தனியாக எடுத்துக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்து 2013-ன் ‘என்ஜின் ஆஃப் எ மில்லியன் பிளாட்ஸ்’. பதினாறு வருட இடைவெளியில் அதே குரல் என்ன ஆகியிருக்கிறது என்று காது உடனே பிடிக்கும். பிறகு திரும்பிப் போய் 1996-ன் முதல் ஆல்பம் ‘அப்பீட்ஸ் அண்ட் பீட்டவுன்ஸ்’. ஒலிப்பதிவு மெலிவு, ஆனால் உற்சாகம் குறையாது. 2000-ல் வந்த ‘ஆல் த ஹைப் தட் மனி கேன் பை’யில் லத்தீன், கரீபியன் தாளங்கள் அதிகம். 2001-ன் ‘எலக்ட்ரிக் பூகலூ’ ராக் பக்கம் சாய்ந்தது. பித்தளையை, அதாவது டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் என்ற ஊதுகருவிகளை, தேடி வருபவர்கள் அதில் ஏமாறுவார்கள், எனக்கு அதன் பாடல் வரிகளுக்காகவே பிடிக்கும். 2003-ன் ‘சீஸஸ் ஆஃப் நாசரேத்’ மிச்சம்மீதிகளின் தொகுப்பு, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிறிஸ்தவ குழு என்கிறார்கள், ஆனால் அமெரிக்கப் பழங்குடிகள் பற்றிப் பாட்டு வருகிறதே?

இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதே அதுதான்.

1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், பிளாக் கெட்டில் என்ற செயேன் பழங்குடித் தலைவரின் முகாமை ராணுவம் தாக்கியது. அவர் சமாதானத்துக்கு அடையாளமாக அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். கொல்லப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். படையை நடத்திய ஜான் சிவிங்டன் மெதடிஸ்ட் போதகராக இருந்தவர். பிளாக் கெட்டில் அன்று தப்பித்தார். நான்கு வருடம் கழித்து, 1868-ல், வாஷிடா நதிக்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அவரைக் கொன்றது. 1997 ஆல்பத்தின் ‘பேனர் இயர்’ அவரைப் பற்றியது.

முதல் ஆல்பத்தின் ‘ஓல்ட் வெஸ்ட்’ இதே காயம், 2001-ன் ‘த டே வி கில்ட்’ இதே காயம். ஒரு போதகர் நடத்திய படுகொலை நடந்த மாநிலத்தில், விசுவாசிகளாக நின்றுகொண்டு அதைப் பாடினார்கள். கேட்க வந்தவர்களில் பெரும்பாலோர் சபை இளைஞர்கள். அந்த வயதில் பள்ளிப் பாடத்தில் தாண்டிப்போகும் ஒரு பெயர் பித்தளை மெட்டோடு மனதில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

கேள்வி: அப்படியானால் ஆராதனைப் பாட்டே கிடையாதா?

இருக்கிறது. முதல் ஆல்பத்தின் ‘எ ஃப்ளவரி சாங்’ சபைகளில் காணிக்கை நேரத்தில் பாடும் பழைய டாக்ஸாலஜி (துதிப்பாட்டு) வரிகளை உள்ளே வைத்துக்கொண்ட பாட்டு. ஆனால் முழுக்க ஆராதனையாக ஸ்கா வேண்டுமானால் டெட்ராய்ட்டின் இன்சைடர்ஸ் 1998-ல் போட்ட ‘ஸ்காலலூயா’ கேளுங்கள். நேரடியான சுவிசேஷம் வேண்டுமானால் கலிபோர்னியாவின் ஓ.சி. சூப்பர்டோன்ஸ். ஆரிகனின் த டபிள்யூஸ் ஸ்விங் (பழைய நடன ஜாஸ்) பக்கம் சாய்ந்தவர்கள். இந்த நான்கையும் ஒரே கூடையில் போடுவது தவறு. பித்தளை மட்டும்தான் பொது.

ஃபைவ் அயர்ன் சபைக்கு வெளியேயும் வாசித்தார்கள். 1998-ல் மைக் பார்க் ஒழுங்குசெய்த ‘ஸ்கா அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ சுற்றுப்பயணத்தில் லெஸ் தேன் ஜேக், டோஸ்டர்ஸ், மஸ்டர்ட் பிளக் போன்ற மதச்சார்பற்ற குழுக்களோடு போனார்கள்.

கேள்வி: உறுப்பினர்கள் ஒரு சபையே ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா அண்ணா?

குழுவினர் சிலர் அதில் பங்கு. டென்வரில் 2000 வாக்கில் தொடங்கியது, பெயர் ‘ஸ்கம் ஆஃப் தி எர்த்’. கேட்கத் திட்டு மாதிரி இருக்கும், ஆனால் 1 கொரிந்தியர் 4:13. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘உலகத்தின் குப்பையைப்போலவும்’ என்று வரும் வசனம். மற்ற சபைகளில் ஒட்டாத இளைஞர்களுக்காக வைத்த பெயர்.

கேள்வி: நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழு 2003-ல் ஏன் நின்றது?

சண்டையால் அல்ல. குடும்பம், படிப்பு, வேறு வேலை என்று வாழ்க்கை ஆளுக்கொரு திசையில் இழுத்தது. முன்கூட்டியே அறிவித்து, ‘வின்னர்ஸ் நெவர் க்விட்’ என்று பெயர் வைத்து ஒரு கடைசிச் சுற்று போய், 2003 நவம்பர் 22 அன்று டென்வரின் ஃபில்மோர் அரங்கில் முடித்தார்கள்.

பித்தளை உள்ள குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கணக்கும் உண்டு. ஓர் இரவுக்கு 1,500 டாலர் என்று வையுங்கள். மூன்று பேர் பங்க் குழுவில் தலைக்கு 500. எட்டுப் பேர் குழுவில் 187.50. இது பெட்ரோல், வண்டி, சாப்பாடு, மேலாளர் பங்கு கழிப்பதற்கு முன். வண்டியும் பெரிது, தங்க இரண்டு அறைக்குப் பதில் நான்கு. 1990-களின் கடைசியில் ஸ்கா மோகம் வடிந்ததும் பல குழுக்கள் முதலில் குறைத்தது பித்தளையைத்தான். ஃபைவ் அயர்ன் கடைசிவரை மூவரையும் வைத்திருந்தார்கள். அதற்காகவே எனக்கு மரியாதை அதிகம்.

கேள்வி: கிக்ஸ்டார்ட்டர் பணம் பற்றிச் சொல்லுங்கள். அவ்வளவும் கைக்கு வந்ததா?

கடைசிக் கச்சேரியின் எட்டாவது ஆண்டு நாளில், 2011 நவம்பர் 22 அன்று, புது ஆல்பத்துக்காக ரசிகர்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 30,000 டாலர் கேட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்தது. ஜனவரி 2012-ல் முடிந்தபோது 2 லட்சத்து 7 ஆயிரம் டாலருக்கு மேல்.

அவ்வளவும் கைக்கு வராது. தளத்துக்கு 5 சதவீதம், அதாவது பத்தாயிரத்துச் சொச்சம். பணப் பரிமாற்றக் கட்டணம் அந்தக் காலத்தில் 3 முதல் 5 சதவீதம், இன்னொரு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம். மீதி ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் இடையில். அதிலிருந்து வரி, ஸ்டுடியோ, மிக்ஸிங், குறுந்தகடு, சட்டை, தபால் செலவு. இம்மாதிரி திட்டங்களில் கவிழ்ப்பது பெரும்பாலும் தபால்தான்: பொருள் செய்யும் செலவை எழுதுவார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவை மறந்துவிடுவார்கள். ஆல்பம் 2013 நவம்பரில் வந்தது. தாமதம்தான், ஆனால் வந்ததைக் கேட்டால் அந்த நேரம் எங்கே போனது என்று தெரியும்.

கேள்வி: இப்போதும் அவர்களைக் கிறிஸ்தவ குழு என்று சொல்லலாமா?

எல்லோரும் ஒரே விசுவாசத்தில் இல்லை. அதை மறைக்கவும் இல்லை. 2013 ஆல்பத்தில் சந்தேகம் முன்னுக்கு வருகிறது. 2021 ஜனவரி 18, மார்ட்டின் லூதர் கிங் தினத்தன்று வந்த ‘அன்டில் திஸ் ஷேக்ஸ் அபார்ட்’, குடியேறிகளை நடத்தும் விதம், டென்வரில் வாடகை ஏறி ஏழைகள் வெளியேறுவது, அரசியலோடு சபை கைகோர்ப்பது என்று நேராகப் பேசுகிறது. கோபமான ஆல்பம், ஸ்காவும் நிறையத் திரும்பியிருக்கிறது. ‘பழைய ஆட்கள் மாறிவிட்டார்கள்’ என்று வருந்துபவர்கள் ‘ஓல்ட் வெஸ்ட்’டைத் திரும்பக் கேட்கட்டும். 1996-லேயே இந்தக் கோபம் இருந்தது.

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழுவில் டிரம்பெட், ஆல்டோ சாக்ஸ், டிராம்போன் மூன்றும் இருக்கிறது. இந்த மாதிரி வாசிக்க முயன்றோம், ஒரே கூச்சலாகிவிட்டது. எங்கே தப்பு பிரதர்?

முதல் சந்தேகம் சுருதி மேல். டிரம்பெட்டுக்கும் ஆல்டோவுக்கும் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு. கிட்டார்காரர் ஈ மேஜரில் தொடங்கியிருப்பார். அப்போது டிரம்பெட் எஃப் ஷார்ப்பில் வாசிக்க வேண்டும், ஆல்டோ சாக்ஸ் சி ஷார்ப்பில். ஆறு ஷார்ப், ஏழு ஷார்ப், பழகியவர்களே தடுமாறுவார்கள். கிட்டாரையும் பாஸையும் அரை சுரம் இறக்கிக் கட்டுங்கள். விரல் பிடி அதே ஈ, ஒலிப்பது ஈ ஃபிளாட். இப்போது டிரம்பெட்டுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி, இரண்டும் சுலபம். டிராம்போன் ஒலிக்கும் சுருதியையே படிக்கும், மாற்ற வேண்டாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று. இதை மறந்தால் முதல் வரியிலேயே மானம் போகும்.

இரண்டாவது, மூவரும் எல்லா நேரமும் ஊதியிருப்பீர்கள். நான்கு பார் (தாளச் சுற்று) ஊதினால் நான்கு பார் சும்மா இருங்கள், பாட்டு வரும் இடத்தில் வாயை எடுத்துவிடுங்கள். மெட்டு டிரம்பெட்டுக்கு, அதற்கு மூன்றாம் சுரம் கீழே ஆல்டோ, அதற்கும் கீழே டிராம்போன். உச்சஸ்தாயி டிரம்பெட் வரும் பாட்டுகளைக் கச்சேரியின் முதல் பாதியில் வையுங்கள்; உதடு களைத்தால் சுருதி இறங்கும். நடுவில் ஒரு மெதுவான ரெகே போட்டால் மூவருக்கும் ஓய்வு.

மூன்றாவது, அரை இடம் புரண்டிருக்கும். வேகம் கூடும்போது டிரம்மரும் கிட்டாரும் ஒருவரையொருவர் பார்த்து அரை இடத்தையே தட்டு என்று எடுத்துக்கொள்வார்கள், பாடுகிறவர் தொங்கிப்போவார். ஒத்திகையில் மெட்ரோனோம் 100-ல் வைத்து, பாஸ்காரர் வாய்விட்டு எண்ணட்டும். சரியாக வந்தால் பத்து பத்தாகக் கூட்டி 160 வரை போங்கள். கிட்டாரில் மெல்லிய நான்கு தந்தி மட்டும், டிஸ்டார்ஷன் இல்லாமல், அடித்த உடனே இடது கையைத் தளர்த்தி ஒலியை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் அது ஸ்கா ஆகாது, இரைச்சல்தான்.

கேள்வி: அதே குழுதான் அண்ணா. ஏசி ஹாலில் வாசித்தால் பித்தளை மட்டும் இறங்கிக் கேட்கிறது.

குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். பெட்டியிலிருந்து எடுத்து உடனே டியூன் செய்யாதீர்கள். பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கி, பிறகு டியூனிங் ஸ்லைடை நகர்த்துங்கள். காத்திருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருங்கள். மைக் டிரம்பெட்டின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி. சாக்ஸுக்கு வாயை நோக்கி அல்ல, வாய்க்கும் சாவிகளுக்கும் நடுவில். டிராம்போன்காரரை மேடை ஓரத்தில் நிறுத்தி முன்னால் ஒரு மீட்டர் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்லைடு முன்னால் நிற்பவர் முதுகில் இடிக்கும்.

கேள்வி: ‘த எண்ட் இஸ் நியர்’, ‘த எண்ட் இஸ் ஹியர்’ இரண்டும் ஒன்றா? எதை வாங்க?

‘நியர்’ 2003-ல் கடைசிச் சுற்றின்போது விற்ற ஸ்டுடியோ ஆல்பம். ‘ஹியர்’ 2004-ல் வந்த இரட்டைத் தகடு. அந்தப் பாட்டுகளோடு ஃபில்மோரின் கடைசிக் கச்சேரியும் சேர்ந்தது. ‘ஹியர்’ வாங்குங்கள். பழைய தகடாக வாங்கினால் இரண்டு தகடும் உறைக்குள் இருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள்.