டேட்டாபேஸ் அட்மின் ஆகணும் என்கிற மகளும், பாலக்கோட்டு அப்பாவின் கேள்விகளும்

வணக்கம் அண்ணா.

கடிதம் கிடைத்தது. பாலக்கோட்டில் தக்காளி மண்டி. மகள் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், கடைசி வருஷம். 'டிபிஏ (டேட்டாபேஸ் அட்மின்) ஆகப் போகிறேன்' என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் வேலை நிச்சயம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நகையை வைக்காதீர்கள். இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அதற்காகப் பிள்ளையின் ஆசையைத் தட்டிவிடவும் வேண்டாம். நல்ல வேலைதான், ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. அவளுக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே, செலவில்லாமல், இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுற வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவர் தக்காளி விளைவிப்பதில்லை, லாரியில் ஏற்றுவதும் இல்லை. எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எந்த வியாபாரி எவ்வளவு முன்பணம் கொடுத்தார் என்ற பேரேடு அவர் கையில் இருக்கிறது. அது தொலைந்தால் மறுநாள் மண்டியைத் திறக்க முடியாது. வங்கி இருப்பு, ரயில் முன்பதிவு, ஆஸ்பத்திரிப் பதிவு, ஓசூர் ஆலைகளின் கிடங்குச் சரக்கு என்று எல்லாவற்றுக்கும் கணினிக்குள் அப்படி ஒரு பேரேடு உண்டு. அதுதான் டேட்டாபேஸ். அதை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பூட்டுப் போடுவதும், மெதுவானால் காரணம் தேடுவதும், கெட்டுப்போனால் மீட்பதும் டிபிஏவின் வேலை.

அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பிள்ளைக்கே சரியாகத் தெரிந்திருக்காது. பாடப்புத்தகத்தில் இருப்பது வேறு. காலையில் வந்ததும் முதல் கேள்வி, ராத்திரி பேக்கப், அதாவது டேட்டாபேஸின் காப்பு நகல், எடுத்து முடிந்ததா என்பது. அடுத்து டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம். அப்புறம் போன் வரும்: "அப்ளிகேஷன் ரொம்ப ஸ்லோவா இருக்கு, டேட்டாபேஸ்ல என்ன பிரச்சினை?" எது மெதுவானாலும் முதல் பழி டேட்டாபேஸ் மேல்தான் விழும். பல நேரம் காரணம் வேறு எங்கோ இருக்கும். ஆனாலும் "எங்கள் பக்கம் இல்லை" என்று சொல்லி போனை வைத்துவிட முடியாது. இல்லை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். சில நேரம் யாரோ ஒருவர் ஒரு அட்டவணையைத் திருத்தத் தொடங்கிவிட்டு, கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) கொடுக்காமல் சாப்பிடப் போயிருப்பார். அவர் பிடித்து வைத்திருக்கும் வரிசைகளுக்காகப் பின்னால் இருபது பேர் காத்துக் கிடப்பார்கள். சில நேரம் நேற்றுவரை நொடியில் வந்த அறிக்கை இன்று பத்து நிமிஷம் எடுக்கும். யாரும் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்வார்கள். தேடினால் ஒரு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சுட்டி மாதிரி, தேடலை வேகமாக்குவது) காணாமல் போயிருக்கும், அல்லது அட்டவணை பல மடங்கு வளர்ந்திருக்கும்.

இன்னொரு தினசரித் தலைவலி, எந்த வரிசைக்கு என்று நிபந்தனை போடாமல் யாராவது அப்டேட் கட்டளையைத் தட்டிவிடுவது. ஒருவர் முகவரியை மாற்றப் போய், எல்லா வாடிக்கையாளரும் ஒரே முகவரிக்குக் குடிபோய்விடுவார்கள். அப்போது வரும் அழைப்பில் குரல் மிகவும் பணிவாக இருக்கும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூளை மட்டும் இருந்தால் இந்த வேலையில் போதாது, குணமும் வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆரக்கிள் என்ற நிறுவனத்தின் டேட்டாபேஸில் ஒவ்வொரு மாற்றமும் லாக் கோப்பாகச் சேமிக்கப்படும். அந்தக் கோப்புகளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் மேற்கொண்டு எழுத முடியாமல் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணி, வேலை நிற்கிறது, மேலாளர் போனில் கத்துகிறார். பழைய லாக் கோப்புகளை அழித்தால் உடனே ஓடும். பதற்றக்காரர் அழித்துவிடுவார். ஆனால் நாளை ஏதாவது கெட்டால் மீட்கத் தேவைப்படுவது அதே கோப்புகள்தான். நிதானமானவர் அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்துவார், அல்லது அவை பேக்கப்பில் ஏறிவிட்டனவா என்று உறுதி செய்தபிறகே கை வைப்பார். மேலாளரிடம் "பத்து நிமிஷம் பொறுங்கள் சார்" என்று சொல்லவும் அவருக்கு வாய் வரும். உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து எப்படி? அவசரத்தில் சாவியைத் தொலைக்கிற ரகமா, கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகமா? இரண்டாவது ரகம் என்றால் எனக்குச் சந்தோஷம்.

உலகமே பார்க்க நடந்த ஒரு சம்பவமும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் துணைச் சர்வரில் இருக்கிறோம் என்று நினைத்து, பிரதான சர்வரின் டேட்டாவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், வழக்கமான பேக்கப் வேலை மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரையும் சென்றடையவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது. மகளிடம் அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டுப் பயந்தால் பரவாயில்லை. "பேக்கப் எடுக்கிறோம் என்று நினைத்தார்கள், யாரும் மீட்டுப் பார்க்கவில்லை" என்று அவளாகவே சொன்னால் இன்னும் நல்லது.

சரி, வீட்டிலேயே சோதிக்கும் வழி. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும் நிறுவட்டும், இரண்டுமே இலவசம். ஆரக்கிளே வேண்டும் என்றால் அதற்கும் பழகுவதற்கான இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் தொடக்கத்துக்கு நான் போஸ்ட்கிரெஸைத்தான் சொல்வேன். எந்தத் தரவைப் போடுவது? மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாகத் தினசரி விளைபொருள் விலை வெளியாகிறது. தக்காளி விலையைச் சில வருஷத்துக்கு இறக்கி அட்டவணை போடட்டும். உங்களுக்கும் உபயோகம், அவளுக்கும் புரிந்த விஷயம்.

அப்புறம்தான் உண்மையான பயிற்சி. பேக்கப் எடுக்கட்டும். முழு டேட்டாபேஸையும் வேண்டுமென்றே அழிக்கட்டும். மீட்கட்டும். பிறகு கடினமானது: மூன்றேகால் மணிக்கு ஒரு அட்டவணையை அழித்துவிட்டு, லாக் கோப்புகளை வைத்துச் சரியாக மூன்று பதினான்குக்கு இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவரட்டும். முதல் சில முறை வராது. கையேட்டைப் படித்து, தட்டுத் தடுமாறி ஒருநாள் வரும். இரண்டு திரை திறந்து ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளச் செய்து, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். ஒரு கேள்வியை (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளையை) இண்டெக்ஸ் இல்லாமலும் வைத்தும் ஓட்டி, டேட்டாபேஸ் எந்த வழியில் தேடியது என்று அதனிடமே திட்டத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். செய்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும்: என்ன கட்டளை, என்ன பிழை, எப்படிச் சரியானது. நேர்காணலில் அந்த நோட்டு பேசும் அளவுக்குச் சான்றிதழ் பேசாது. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) அடிப்படை கல்லூரியில் படித்திருப்பாள். மீதிக்கு, ஐஐடி பாடங்கள் வரும் என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி கரக்பூரின் டேட்டாபேஸ் பாடம் இருக்கிறது, பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது தொடர்புள்ள பயிற்சி வந்தால் சேர்ந்துகொள்ளட்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அவள் இதைச் சலிக்காமல் செய்துகொண்டிருந்தால் வேலை அவளுக்கு ஒத்துவரும். "போரடிக்குது, வெப்சைட் செய்யுறது நல்லா இருக்கு" என்றால் அதுவும் நல்ல செய்திதான், நகை மிச்சம்.

ஏஐ வந்து இந்த வேலையை எடுத்துவிடுமா என்று உங்கள் மைத்துனர் கேட்கச் சொன்னாராம். பாதி நியாயமான கேள்வி. ஏஐக்கு முன்னாலேயே இது தொடங்கிவிட்டது. அமேசான் 2009-லேயே டேட்டாபேஸை மேகக்கணியில் (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில்) தானே பராமரித்துக் கொடுக்கத் தொடங்கியது. 2018-ல் ஆரக்கிள், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதனால் நிறுவுவது, பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவது, பேக்கப் ஓட்டுவது என்ற மூன்றை மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்கி வருகிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சுருங்காதது வேறு பக்கம் இருக்கிறது: தரவை எப்படி அடுக்குவது, மெதுவான கேள்வியை எப்படித் திருத்துவது, பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதுக்கு ஒரு வரிசைகூட விடாமல் எப்படி மாற்றுவது, மாதாந்திர மேகக்கணிக் கட்டணம் ஏன் ஏறியது, யாருக்கு எந்தத் தரவைக் காட்டலாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு அந்தக் கடைசிக் கேள்விக்கு எடை கூடியிருக்கிறது. எனவே டேட்டாபேஸோடு லினக்ஸ், ஷெல் அல்லது பைத்தானில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் (வேலையைத் தானாக முடிக்கும் நிரல்), ஏதாவது ஒரு மேகக்கணி என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறையை ஐபிஎம்மில் இருந்த காட் 1970-ல் கட்டுரையாக எழுதினார். எஸ்க்யூஎல் அதே ஐபிஎம்மில் எழுபதுகளின் நடுவில் பிறந்தது. இன்றும் அதுதான் ஓடுகிறது. கணினித் துறையில் படித்தது இவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம்.

நேராக டிபிஏவாக வேலை கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. பயிற்சி நிலையத்தார் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய் கணக்கு இருக்கும் டேட்டாபேஸின் முழுச் சாவியைப் புதிதாக வந்தவரிடம் யாரும் கொடுப்பதில்லை. அப்ளிகேஷன் சப்போர்ட், கண்காணிப்புக் குழு, எஸ்க்யூஎல் டெவலப்பர், அறிக்கை தயாரிக்கும் வேலை என்று ஒரு பக்க வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். சம்பளமும் அந்தக் காலத்தில் மற்ற புதியவர்களைப் போலத்தான் இருக்கும். சில வருஷம் பொறுத்து, பெரிய சிக்கல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் ஏறும். எம்சிஏ இப்போது இரண்டு வருஷம்தான். வேலை உடனே அமையவில்லை என்றால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். வேலை அமைந்துவிட்டால் அதைவிட்டு எம்சிஏ போகச் சொல்ல மாட்டேன்.

ராத்திரி வேலை பற்றி அண்ணி கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன், இருக்கும். பேட்ச் போடுவது, பெரிய மாற்றம் செய்வது எல்லாம் ஆட்கள் தூங்கும் நேரத்தில், பெரும்பாலும் சனி ஞாயிறில்தான். முறைவைத்து 'ஆன்கால்' வரும், அந்த வாரம் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டும். ஆனால் இதில் நிறைய வேலை அறையிலிருந்தே லேப்டாப்பில் செய்வது, ராத்திரி சாலையில் நிற்பது இல்லை. அலுவலகத்துக்கே போக வேண்டிய ஷிப்ட் என்றால் வீட்டு வாசல் வரை வண்டி உண்டா, ஆன்கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, மறுநாள் ஓய்வு உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்கட்டும். கேட்பதில் தப்பே இல்லை. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பெங்களூருக்கு ரயில் பாதையே இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி. வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து போகிற தூரம்தான். ஓசூரிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்தால், அங்கே பெரிய ஆலைகளின் கணினிப் பிரிவுகளையும் மனதில் வைக்கட்டும். ஐடி கம்பெனி மட்டும்தான் என்று இல்லை.

ஒன்றே ஒன்று வீட்டில் பழக்க வேண்டும்: "முடியாது" என்று மரியாதையாகச் சொல்வது. டெவலப்பர் அவசரம் என்று முழு அனுமதி கேட்பார். மேலாளர் பேக்கப் இல்லாமல் மாற்றத்தை ஓட்டச் சொல்வார். பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும் என்று நம் பக்கம் பெண்பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறோம். இந்த வேலையில் அந்தப் பழக்கம் ஆபத்து. மண்டி விஷயத்தில் அவள் உங்களோடு வாதாடினால் கொஞ்சம் வாதாட விடுங்கள்.

இனி அந்தப் பயிற்சி நிலையம். மூன்று மாதச் சோதனைக்குப் பிறகும் வகுப்பு தேவை என்று அவள் நினைத்தால் நேரில் போய் விசாரியுங்கள். போன வருஷம் படித்தவர்களில் இப்போது டேட்டாபேஸ் வேலையில் இருக்கும் சிலரோடு பேச வைக்கச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்பதை மாணவர்களே தங்கள் கையால் செய்கிறார்களா, திரையில் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். வேலை நிச்சயம் என்பதையும், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தவணையாகக் கட்டலாமா என்றும் பாருங்கள். இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லியிருப்பார்கள். பருவத் தேர்வு முடிந்து சாவகாசமாகப் போங்கள், அப்போதும் அதே தள்ளுபடி இருக்கும்.