கிளாரினெட்டை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: என் மகன் பன்னிரண்டாவது படிக்கிறான், சர்ச் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். அவன் தாத்தா வாசித்த மர வாத்தியம். ஆறு மாதமாகக் கீழ் ஸ்வரங்கள் சரியாக வருவதில்லை, அழுத்தி ஊதினால் கிறீச்சென்று கத்துகிறது. ஒரு கடையில் கொடுத்தோம். எல்லா பேடும் (ஓட்டையை மூடுகிற மெத்தை) மாற்றிவிட்டோம் என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி அதே கதை. நம்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பணம் போனதைவிட, பையன் ‘எனக்குத்தான் ஊத வரவில்லை போல’ என்று நினைத்துவிடுவானோ என்பதுதான் எனக்குக் கவலை. முதலில் அவனிடம் சொல்லுங்கள், இது அநேகமாக அவன் தப்பு இல்லை, காற்றுக் கசிவு. கிளாரினெட்டில் கீழ் ஸ்வரத்துக்குப் போகப் போக மேலே இருக்கிற ஓட்டைகள் எல்லாம் இறுக மூடியிருக்க வேண்டும், அதில் ஏதோ ஒரு பேடு மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு இருந்தாலும் போதும், கீழ் ஸ்வரம் செத்துவிடும், இல்லையென்றால் கிறீச்சென்று மேலே தாவும்.

ஆள் தேடுவதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். புது ரீடு (மவுத்பீஸில் கட்டுகிற, ஊதும்போது அதிர்கிற மெல்லிய நாணல் பட்டை) போட்டு ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள், முடிந்தால் அதே வாத்தியத்தை அனுபவமுள்ள வேறு ஒருவரும் ஊதிப் பார்க்கட்டும். அப்படியும் சரியாகவில்லையா? மேல் துண்டை மட்டும் கழற்றி, இடது கைக் கட்டைவிரலால் பின்பக்க ஓட்டையையும் மூன்று விரல்களால் முன்பக்க ஓட்டைகளையும் மூடிக்கொண்டு, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல் வாயை உறிஞ்சச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருந்தால் உள்ளே காற்றில்லாமல் கப்பென்று பிடித்துக்கொண்டு ஓரிரு நொடி நிற்கும். உடனே விட்டுவிட்டால் அந்தத் துண்டில்தான் கசிவு. இதைத் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரர் உங்களிடம் பேசுகிற விதமே மாறும்.

சரி, ஆளுக்கு வருவோம். கடையைக் கேட்காதீர்கள், வாசிக்கிறவர்களைக் கேளுங்கள். போலீஸ் பேண்டில் இருப்பவர்கள், ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர்கள், பள்ளி பேண்டுக்குச் சொல்லித்தரும் மாஸ்டர்கள், கல்யாணத்துக்கு வாசிக்கும் பேண்டு செட்டுக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் வாத்தியம் ரிப்பேர் ஆனால் பிழைப்பே நின்றுபோகும், அதனால் யாரிடம் கொடுத்தால் நிற்கும் என்று நன்றாகத் தெரியும். ‘உங்க கிளாரினெட்டை யார் பார்க்கிறாங்க? கடைசியா எப்ப கொடுத்தீங்க? இன்னும் நல்லா இருக்கா?’ என்று மூன்று பேரிடம் கேளுங்கள். இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அங்கே போங்கள், அது பஸ் ஏறிப் போகிற தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

நல்ல ஆள் எப்படி இருப்பார் என்பதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு என் வாத்தியத்தை ஒருவர் ‘சரி’ செய்து கொடுத்தார். பேடு விழாமல் இருக்கட்டும் என்று உடனடிப் பசையில் ஒட்டியிருந்தார். அது ஒட்டியது ஒட்டியதுதான், அசைத்துச் சரிசெய்ய வழியே இல்லை. அழுதுகொண்டே திருச்சியில் ஒரு பழைய ராணுவ பேண்டுக்காரரிடம் போனேன். அவர் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்து, கீயின் (ஓட்டையைத் திறந்து மூடுகிற உலோக நெம்பு) கிண்ணத்தை லேசாகச் சூடு காட்டி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அரக்கை உருக்கி ஒரு துளி விட்டு, புது பேடைப் பதித்தார். சூடு இருக்கும்போதே மெல்லிய தகட்டால் பேடை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். ஆறவிட்டார். அப்புறம் சிகரெட் தாளை மெல்லிசாக நறுக்கி பேடுக்கு அடியில் வைத்து, கீயை மெதுவாக மூடித் தாளை இழுத்தார், நாலு பக்கமும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடித்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, மறுபடி விளக்கு. ஒரு பேடுக்கே இருபது நிமிடம். கடைசியில் ஒவ்வொரு ஸ்வரமாகத் தானே ஊதிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் தந்தார்.

அவர் மாற்றியது மூன்றே பேடு. மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்றார். அதனால்தான் உங்களிடம் ‘எல்லா பேடும் மாற்றிவிட்டோம்’ என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. புது பேடு போட்டாலே கசிவு நின்றுவிடாது, உட்கார வைக்கிற வேலைதான் வேலை. சில நேரம் பேடில் குற்றமே இருக்காது, கீ வளைந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது இரண்டு கீ சேர்ந்து மூட வேண்டிய இடத்தில் ஒரு சின்ன கார்க் துண்டு விழுந்திருக்கும்.

ஆகவே கொடுக்கும்போது உங்கள் முன்னால் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். பேடை எதில் ஒட்டுவீர்கள், முடித்ததும் யார் ஊதிப் பார்ப்பார்கள், மாற்றிய பழைய பேடுகளைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம். கீயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தருகிறவரிடமும் வேண்டாம். மேல் துண்டு, கீழ் துண்டு இரண்டிலும் நம்பர் அடித்திருந்தால் எழுதி வைத்து, வாத்தியத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மவுத்பீஸையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் ஊதிப் பார்க்க வேண்டுமே, ஆனால் அதையும் போட்டோ எடுங்கள். தாத்தாவின் மவுத்பீஸ் மாறி வந்தால் அப்புறம் தேட முடியாது.

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். டிசம்பரில் என் மர கிளாரினெட்டின் மேல் துண்டில் நீளமாகக் கோடு விட்டுவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: இல்லவே இல்லை, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். குளிர்ந்து கிடக்கிற மரத்துக்குள் சூடான ஈர மூச்சு போனால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் அப்படியே நிற்கும், அதில்தான் பிளக்கிறது. கருங்காலி போல இருக்கிற அந்த ஆப்பிரிக்க மரம் உறுதியானதுதான், ஆனால் இந்த இழுபறியை அதனால் தாங்க முடியாது. விரிசலை ஒட்டி நிரப்பலாம், குறுக்கே மெல்லிய எஃகு ஊசி இறக்கி இறுக்கலாம். விரிசல் ஏதாவது ஓட்டைக்குள் ஓடியிருந்தால் மட்டும் வேலை கூடுதல். அதுவரை ஊதாதீர்கள். இனிமேல் காலையில் எடுத்ததும் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிவிட்டு வாசியுங்கள், முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடையுங்கள்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். குருநாதர் தந்த பழைய ஆல்பர்ட் சிஸ்டம் (பழைய காலத்துக் கீ அமைப்பு) கிளாரினெட்டில் சில கீகளை எடுத்து ஓட்டையை அடைத்திருக்கிறார். ரிப்பேருக்குக் கொடுத்தால் ‘குறை’ என்று நினைத்துத் திரும்பப் பொருத்திவிடுவார்களோ?

பதில்: பொருத்தினாலும் பொருத்துவார்கள், வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மேற்கத்திய பேண்டு வாத்தியம் மட்டுமே பார்த்தவருக்கு அது காணாமல் போன கீ போலத்தான் தெரியும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) பேச வேண்டுமென்றால் விரல் ஓட்டையைப் பாதி மூடி வழுக்க வேண்டும், அதற்காகத்தான் குருநாதர் இடம் ஒழித்துத் தந்திருக்கிறார். ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் சங்கீத கலாநிதி பெற்றது இந்த வாத்தியத்தில்தான், உங்கள் குருநாதர் செய்ததைக் குறை என்று யார் சொன்னாலும் கவலைப்படாதீர்கள். அடைத்த இடங்களில் ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டி ‘இதைத் தொட வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே உட்கார்ந்து ஒரு தோடி ஆலாபனை செய்து பாருங்கள், காந்தாரம் சரியாக ஆடவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடலாம்.