வேர்ப் பாலம்

கேள்வி: மேகாலயாவில் உயிருள்ள மரவேர்களாலேயே பாலம் அமைக்கிறார்களாமே, எப்படி? தம்பலகாமத்து வாய்க்கால்களின் குறுக்கே ஆலம் விழுதுகளால் அவ்வாறு அமைக்கலாமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: அங்குள்ள காசி, ஜெயந்தியா பழங்குடி மக்கள், ஓடைக்கரையில் நிற்கும் இந்திய றப்பர் மரத்தின் (நம்மவர் சாடியில் வைத்து வளர்க்கும் அதே தடித்த இலைச் செடிதான்) இளம் விழுதுகளை மூங்கில் சாரத்தின் மீதோ, பிளந்து உட்புறம் குடைந்த கமுக மரத்தின் வழியாகவோ மறுகரைக்குச் செலுத்தி, அங்கே மண்ணில் வேரூன்ற விடுகிறார்கள். அவை தடித்து, ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டி இணைந்து, ஆள் பாரம் தாங்குவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஓயாத மழையில் மரப்பாலங்கள் விரைவில் உளுத்துப்போக, இவையோ வளர வளர உறுதி பெறுகின்றன. நொங்ரியாட் கிராமத்தில் ஈரடுக்குப் பாலமே உண்டு. ஆலமரமும் அதே இனத்தைச் சேர்ந்ததாகையால் அதன் விழுதுகளும் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரைதான். மறுகரையை எட்டுமுன் விழுதின் நுனி வெயிலில் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருக்கும்.