டீன் நாற்காலிக்கு எத்தனை வருஷம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்திருக்கிறாள், வயது 28. என்றைக்காவது நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற ஒன்றுக்கு டீன் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. கைராசி டாக்டர் என்று பேர் எடுத்தால் போதாதா? – வாசகி, தக்கலை

பதில்: கைராசி ஓ.பி.யில் கூட்டம் சேர்க்கும். டீன் பதவிக்கு எண்ணப்படுவது பாடம் நடத்திய வருஷங்கள்.

எம்.டி.க்குப் பிறகு ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்ட். அடுத்து உதவிப் பேராசிரியராக 4 வருஷம், இணைப் பேராசிரியராக 3 வருஷம், அப்புறம்தான் பேராசிரியர். டீன் ஆக, இணைப் பேராசிரியர், பேராசிரியர் இரண்டும் சேர்த்து 10 வருஷம் வேண்டும்; அதில் 5 வருஷமாவது பேராசிரியராக இருந்திருக்க வேண்டும். மூணும் அஞ்சும் எட்டு என்று பலர் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பத்து நிரம்ப இன்னும் 2 வருஷம் கிடக்கிறது. ஆக மொத்தம் 15. ஒரு நாளும் வீணாகாவிட்டால் மகளுக்கு 43 வயதில் தகுதி வரும்.

தகுதி வேறு, நாற்காலி வேறு. அரசுக் கல்லூரி என்றால் சீனியாரிட்டி பேனல், அதாவது பதவி உயர்வுக்கான பணிமூப்புப் பட்டியல், நகர வேண்டும். பெரும்பாலோருக்கு 50 தாண்டிவிடும். ஓய்வு வயது 60. டீன்கள் அடிக்கடி மாறுவதைப் பார்த்து அலுத்துக்கொள்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இதுதான்.

அரசுப் பணிக்குள் நுழைய எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அசிஸ்டென்ட் சர்ஜன் ஆக வேண்டும்; பெயர்தான் சர்ஜன், அரசு டாக்டரின் தொடக்கப் பதவி அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் காலம் சர்வீஸில் சேரும், கற்பித்த அனுபவத்தில் சேராது. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு கதவைத் திறந்தது: 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் பட்ட மேற்படிப்புடன் 2 வருஷம் வேலை பார்த்தவர் உதவிப் பேராசிரியராகவும், 10 வருஷம் பார்த்தவர் இணைப் பேராசிரியராகவும் வரலாம்.

ஆள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டுரையில்தான். இணைப் பேராசிரியராக 2 கட்டுரை, பேராசிரியராக மேலும் 2. அபூர்வமான ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட் கணக்கில் வராது. பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் போன்ற பட்டியலில் உள்ள இதழாக இருக்க வேண்டும். கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் முதல் மூன்று பேருக்குள் பெயர் வர வேண்டும், இல்லையேல் தொடர்பு ஆசிரியராக (கட்டுரை பற்றி இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவராக) இருக்க வேண்டும். துறைத்தலைவருக்கு மரியாதை, நண்பனுக்கு உபகாரம் என்று நாலாவது இடத்துக்கு நகர்ந்தவர்கள் பேனல் வரும்போது கையைப் பிசைகிறார்கள். மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி முறை இரண்டுக்கும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். ஆராய்ச்சிப் பயிற்சியைச் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளம் வழியாக ஆன்லைனில் நடத்துகிறது. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த முதல் வருஷமே இரண்டையும் முடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று காகிதம். ஒவ்வொரு மாறுதலுக்கும் விடுவிப்பு ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை இரண்டின் நகலும் வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். முற்பகல் சேர்ந்தாரா பிற்பகல் சேர்ந்தாரா என்பதுகூட இருபது வருஷம் கழித்து சீனியாரிட்டியில் கேள்வியாகும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த மண்ணில் இப்படி மருத்துவத் தலைமைக்குப் போனவர்கள் உண்டா? – வாசகர், திங்கள்நகர்

பதில்: நெய்யூர் என்றதும் நினைவுக்கு வரும் சாமர்வெல் 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர். நெய்யூரில் பல்லாண்டு அறுவை சிகிச்சை செய்துவிட்டு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார். தலைமை என்று கேட்டால் மேரி புன்னன் லூக்கோஸைத்தான் சொல்ல வேண்டும். பெண் என்பதால் கல்லூரியில் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டு வரலாறு படித்தவர். பிறகு லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1938-இல், அப்போது நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் மருத்துவத் துறைக்கே தலைவரானார். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் தொடங்கியவரும் அவரே. நம் ஆசாரிபள்ளம் கல்லூரி 2001-இல் வந்ததும் காசநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில்தான்.

கேள்வி: திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் வார்டுப் புகார் என்றால் சூப்பிரண்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே எல்லாரும் டீன் டீன் என்கிறார்கள். ஏன்? – வாசகர், களியக்காவிளை

பதில்: கேரளத்தில் கல்லூரிக்குப் பிரின்சிபால், ஆஸ்பத்திரிக்குச் சூப்பிரண்டு என்று இரண்டு தலை. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் டீன் ஒருவரே. காலையில் உள்நோயாளிக் கணக்கும் முந்தின நாள் மரணங்களும் மேஜைக்கு வரும். அதற்கடுத்த ஃபைல் பேராசிரியர்களின் வருகைப் பதிவு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆணையம் கல்லூரியிடம் விளக்கம் கேட்கும். பிறகு மருந்துக் கழகத்திலிருந்து வராத மருந்து, ஒழுகும் கூரைக்குப் பொதுப்பணித்துறைக்குக் கடிதம். இத்தனைக்கும் நடுவே அவர் ஒரு துறையில் வகுப்பும் எடுத்தவர் என்பதை ஊர் மறந்துவிடுகிறது. இரண்டு தலை நல்லதா ஒரு தலை நல்லதா என்றால், புகாருக்குப் பொறுப்பாளி யார் என்று தேடி அலையாத வகையில் நம் ஏற்பாடே மேல் என்பேன்.

ஆனால் எடுத்ததும் டீன் அறைக்குப் போகாதீர்கள். வார்டுப் புகாரும், விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பியும் முதலில் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) பார்க்கும் வேலை. மனுவில் ஐ.பி. (உள்நோயாளி) எண், வார்டு, தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். "சரியாகக் கவனிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரிடம் விளக்கம் கேட்பது என்றே தெரியாது. இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.