ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத அம்மா

கேள்வி: புளியரையில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு 78 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்தச் சாரலில் இரண்டு முறை விழப் பார்த்தார். புனலூரில் எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் பிடிவாதமாக மறுக்கிறார். கழிப்பறை கொல்லையில். சாப்பாடு, பேச்சு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும் குடிப்பதில்லை. முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?
- வாசகர், புனலூர்

பதில்: முதியோர் இல்லம் இருக்கட்டும். ஆறு மணிக்கு மேல் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ராத்திரி இருட்டில் கொல்லைக்குப் போகப் பயந்து, தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறார். அதை "மட்டும்" என்று எழுதுகிறீர்களே தம்பி! உடம்பில் நீர் குறைந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை கிறுகிறுக்கும். விழப் பயந்து தண்ணீரைக் குறைத்தவர், அதனாலேயே விழுவார்.

இந்தச் சனிக்கிழமை போய் ஒரு ராத்திரி தங்குங்கள். அம்மா எழுந்தால் கை எட்டும் தூரத்தில் பின்னாலேயே போங்கள். எந்தப் படியில் தயங்குகிறார், எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். சுவரில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய இடம்தான் கைப்பிடி வைக்க வேண்டிய இடம். மூன்றரை செ.மீ. கனமுள்ள கம்பி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி. சிமெண்ட் பூச்சில் திருகினால் பெயர்ந்து வரும்; செங்கல்லுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் கனம் தாங்காது. கல்லில் பிடித்த பாசியைத் தேய்த்து எடுங்கள். வழி நெடுக விளக்கு, அதன் சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்ட வேண்டும். மழை ராத்திரிகளுக்குக் கட்டிலருகே, காலில் ரப்பர் போட்ட கமோடு நாற்காலி.

காலையில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. பிறகு 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எல்லா மாத்திரைகளோடும் மருத்துவரிடம் போங்கள். அதில் நீர் பிரியும் மாத்திரை இருந்து சாயங்காலம் சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் கேளுங்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதென்றால் அளவு உண்டு. மற்றபடி பகலிலேயே நிறையக் குடிக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, கால் வலுவுக்குப் பயிற்சி கேளுங்கள்.

பெற்றவளின் வீட்டைச் சீர்செய்து பார்க்காமலே அவளை இடம் பெயர்ப்பது எனக்கு ஒப்பாது. இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த 3 மீட்டர் நடையை மறுபடி நேரம் பாருங்கள். அதுவரை முதியோர் இல்லம் என்ற பேச்சு அம்மா காதில் விழக் கூடாது.