வாங்காத கடனுக்குப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஸ்கூட்டர் வாங்க லோன் கேட்டேன். சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், என் பெயரில் மொபைல் ஆப் மூலம் 48,000 ரூபாய் கடன்! நான் வாங்கவே இல்லை. போன வருடம் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு ஆதார், பான் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வசூல் ஆள் தினமும் போன் செய்து, '20,000 கட்டுங்கள், முடித்துவிடுகிறோம்' என்கிறார். கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், சகோதரி. கட்டினால், கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்று அந்த ரசீதையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள். ரிப்போர்ட்டிலும் 'செட்டில்டு' (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்றுதான் விழும். அடுத்த லோனுக்குப் போகும்போது அது மறுபடியும் குறுக்கே நிற்கும்.

போனில் வாதாடிப் பயனில்லை, எழுதிக் கேளுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, இந்தக் கடன் என்னுடையதல்ல என்று சொல்லி, ஒப்பந்த நகல், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செல்ஃபி, ஓடிபி போன எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் ஆதார் நகல் புகார் சொன்ன பெண்ணுடையது; செல்ஃபியில் இருந்ததோ மீசை வைத்த யாரோ ஒரு ஆள்.

வங்கிக் கணக்குதான் இதில் உயிர்நாடி. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி, பொதுவாகக் கடன் தொகை வாங்குபவரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். உங்கள் பாஸ்புக்கில் அந்தத் தேதியில் வரவு இல்லையென்றால், அந்தப் பக்கமே உங்கள் முதல் சாட்சி. உங்கள் பெயரிலேயே வேறு வங்கியில் கணக்கு திறந்திருந்தால், அந்த வங்கிக்கும் எழுத வேண்டும். ஓடிபிக்காக உங்கள் பெயரில் சிம் எடுத்திருக்கிறார்களா என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடலாம்.

அப்புறம் போலீஸ். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிந்துவிட்டு, சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினிவழி ஆள்மாறாட்ட மோசடி) இரண்டுக்குமே 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. இவை பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்த சி.எஸ்.ஆர். ரசீதை இணைத்து சிபில் நிறுவனத்திடம் டிஸ்பியூட் (பதிவு தவறு என்ற ஆட்சேபம்) போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. சிபில் போன்ற மற்ற நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்களையும் பாருங்கள். வருடம் ஒருமுறை இலவசம். கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

ஆதாரில் பயோமெட்ரிக் லாக் (கைரேகை, கண் பதிவைப் பூட்டும் வசதி) போட்டுவையுங்கள். இனி நகல் கேட்டால் முதல் எட்டு எண் மறைத்த மாஸ்க்டு ஆதார் கொடுங்கள்.

வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. அழைத்தால் பதிவுசெய்து அதையும் புகாரில் சேருங்கள். சரி, நாளைக் காலை முதல் வேலையாக வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுவிடுங்கள்.